லீ குவான் யூ: எங்கள் வீட்டு நடையில் தொங்கும் படத்தைப் பற்றி ஒரு கேள்வி

கீழக்கரை மகள் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் ஸலாமும் வணக்கமும்.

எங்கள் வீட்டு நடையில், கஅபா படத்துக்கு எதிர்ச் சுவரில், சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூவின் படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வாப்பா 1976-ல் சிதம்பரம் கப்பலில் சிங்கப்பூர் போனவர். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ ஆரம்பித்து, பரோட்டா போட்டு, கடைசியில் கல்லாவில் உட்கார்ந்து, 2009-ல் ஊரோடு வந்துவிட்டார். அந்த 33 வருடத்தில் அவர் எங்களோடு இருந்த நாட்களைக் கூட்டினால் நான்கு வருடம் தேறாது. சபுராளி (அக்கரைக்குப் பிழைக்கப் போனவர்) வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் இறந்த 2015 மார்ச்சில் மாட்டிய படம் அது. அந்த வாரத்துத் தமிழ் முரசு பேப்பர்களை, அங்கிருந்து வந்த மாமாவிடம் சொல்லி வாங்கி, டிரங்குப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறார். போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீளமான செய்தி வந்தது. அவர் குடிசையில் பிறந்தார், தெருவிளக்கில் படித்தார், தமிழ் சரளமாகப் பேசுவார் என்றெல்லாம் இருந்தது. முன்பென்றால் வாப்பாவிடம் கேட்டிருப்பேன். அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்று ஏழு மாதம் ஆகிறது. காது நன்றாகக் கேட்கிறது, எல்லாம் புரிகிறது. கண்ணாலும் வலது கை விரலாலும் பதில் சொல்கிறார்.

அதனால் இங்கே கேட்கிறேன். துறைமுகம், விமான நிலையம், பொருளாதாரம் எல்லாம் எங்கும் கிடைக்கிறது. எனக்கு அந்த மனிதர் வேண்டும். யார் வளர்த்தார்கள், வீட்டில் எப்படி இருந்தார், எதற்குப் பயந்தார், யாருக்காக அழுதார்? உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். வாப்பாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன், தப்பாக ஒன்றும் அவர் காதில் விழக்கூடாது.

பனைக்குளத்தான் | திங்கள், இரவு 10.25

வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. வாப்பாவுக்கு அல்லாஹ் ஷிஃபாவைத் தரட்டும்.

குடிசையும் தெருவிளக்கும் பொய். 1923 செப்டம்பர் 16 அன்று கம்போங் ஜாவா சாலையில் ஒரு பெரிய பங்களாவில் பிறந்தார். பாட்டனார் லீ ஹூன் லியோங் கப்பலில் கணக்கு வழக்குப் பார்க்கும் பர்சராக இருந்தவர், வசதியானவர், வெள்ளைக்காரர்கள் மேல் பெரிய மதிப்பு வைத்திருந்தவர். பேரனுக்கு 'ஹாரி' என்று பெயர் சேர்த்தது அவர்தான். லண்டனில் வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது அந்த ஹாரியை விட்டுவிட்டு வெறும் லீ குவான் யூ ஆனார். ஆனாலும் நெருங்கிய பழைய நண்பர்கள் கடைசிவரை ஹாரி என்றுதான் கூப்பிட்டார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் பாட்டனாரின் சொத்து கரைந்தது. அப்போதும் பட்டினி கிடந்த குடும்பம் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிபடும் விஷயம் ஒன்று அதற்கு முந்தின தலைமுறையில் இருக்கிறது. கொள்ளுப்பாட்டனார் லீ போக் பூன் சீனாவிலிருந்து பிழைக்க வந்தவர். கையில் காசு சேர்ந்ததும் 1882-ல் சொந்த ஊருக்கே திரும்பிப் போக முடிவெடுத்தார். மனைவிக்கு அந்தச் சீனம் கண்ணால் காணாத தேசம். பிள்ளைகளோடு ஒளிந்துகொண்டார், போகவில்லை. மனிதர் தனியாகத் திரும்பிப் போய்விட்டார். அந்தப் பெண் அன்றைக்கு ஒளியாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நம் பக்கம் எத்தனை வீட்டில், புருஷன் கூப்பிட்டும் அக்கரைக்குப் போகமாட்டேன் என்று நின்ற பெண்கள் இருந்திருக்கிறார்கள்! என் பெத்தும்மா (பாட்டி) ஒருத்தர்.

இன்னொன்று. அவருக்கு நினைவு தெரிந்து முதல் ஞாபகம் ஒரு கிணறு. நான்கு வயதில், அப்பாவின் தலைக்குத் தடவும் விலையுயர்ந்த கிரீம் டப்பாவை எடுத்து விளையாடிக் கெடுத்துவிட்டார். அப்பா லீ சின் கூன் கோபக்காரர். பிள்ளையை இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி, கிணற்றுக்கு மேலே தொங்கவிட்டார். இதை அவரே எழுதியிருக்கிறார். அப்பாவுக்குச் சீட்டாட்டமும் இருந்தது. தோற்று வந்து அம்மாவின் நகையை அடகு வைக்கக் கேட்டு இரவில் சண்டை நடக்கும், அம்மா கொடுக்க மாட்டார். அம்மா பெயர் சுவா ஜிம் நியோ. பதின்வயதிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவர். குடும்பத்தை நிமிர்த்தியது அந்த அம்மாதான். பிற்காலத்தில் வெளிநாட்டுப் பெண்களுக்குச் சமையல் கற்றுக்கொடுத்தார், 1974-ல் சமையல் புத்தகமே போட்டார்.

சேதுக்கரை வாத்தியார் | செவ்வாய், காலை 6.15

தமிழ் பேசினார் என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஓய்வுபெற்ற மொழியாசிரியன் என்பதால்.

வீட்டில் அவர் வளர்ந்தது ஆங்கிலத்திலும் மலாயிலும். சீனர் வீடு என்றாலும் மாண்டரின் தெரியாது. முப்பது வயதைத் தாண்டி, அரசியலுக்காக அதை முறையாகப் படிக்க உட்கார்ந்தார். 1961-ல் ஓர் இடைத்தேர்தலுக்காக ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியைக் கற்றார். அந்த மொழியில் முதலில் மேடை ஏறியபோது கூட்டத்தில் இருந்த சிறுவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டாம், கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அதே மொழியில் தொடர்ந்தார். எண்பது வயதுக்கு மேலும் ஆசிரியரை வைத்து மாண்டரின் படித்தார். எழுத்து வாசிப்பதில் லேசான குறைபாடு தனக்கு இருப்பது பிற்காலத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது, கண்டுபிடித்துச் சொன்னவர் மருத்துவரான மகள். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் ஜப்பான் மொழியும் படித்தார்.

தமிழ் இந்த வரிசையில் இல்லை. அவர் பேசவில்லை என்பதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழ் இன்றும் இருக்கிறது, பள்ளியில் தாய்மொழிப் பாடமாக நடக்கிறது. பேசாத மொழிக்கு இடம் கொடுத்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

மண்டபம் ரயிலடி | செவ்வாய், காலை 11.00

எதற்குப் பயந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள் அக்கா. ஜப்பானியருக்கு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும், சீன ஆண்களை முள்வேலிக்குள் கூட்டிச் சலித்து எடுத்தார்கள். லாரியில் ஏற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் கடற்கரைகளில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். லீக்கு அப்போது 18 வயது. வெளியேறும் வழியில் ஒரு சிப்பாய் அவரைத் தனியே நிற்கும் இளைஞர் கும்பலில் சேரச் சொன்னான். ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் பட்டது. துணியை எடுத்துவருகிறேன் என்று கேட்டார், விட்டான். போய் ஒளிந்தது எங்கே தெரியுமா? கோ தியோங் கூ என்பவரின் அறையில். லீயின் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ரிக்‌ஷாவில் இழுத்துப் போனவர் அவர். கூலிகள் அடுக்கடுக்காகப் படுக்கும் இடம், அது அந்த முள்வேலிக்குள்ளேயே இருந்தது. ஒன்றரை நாள் அங்கே கிடந்துவிட்டு மறுபடி வெளியேற முயன்றார். இந்த முறை முத்திரை குத்தி விட்டுவிட்டார்கள்.

ஒரு நாட்டின் முதல் பிரதமர் உயிரோடு இருந்ததற்கு ரிக்‌ஷாக்காரர் ஒருவரின் அறை காரணம் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்?

அதற்குப் பிறகு வயிற்றுப்பாடு. ஜப்பானியப் பிரச்சாரத் துறையில், நேச நாடுகளின் செய்தி நிறுவனங்கள் வானொலியில் அனுப்பும் தந்திச் செய்திகளில் விட்டுப்போன சொற்களைச் சரிசெய்யும் வேலை. அப்புறம் கள்ளச் சந்தையில் தரகு. அதோடு பசை. மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்த பசையை 'ஸ்டிக்ஃபாஸ்' என்று பெயர் வைத்து விற்றார். கூட்டாளி யோங் நியூக் லின். அந்த வீட்டில்தான் கூட்டாளியின் மைத்துனி, பின்னாளில் தன் மனைவியான குவா கியோக் சூவை மறுபடி சந்தித்தார்.

கீழக்கரை மகள் | செவ்வாய், மதியம் 2.10

மறுபடி என்றால்? அதற்கு முன்பே தெரியுமா? யாராவது இதை விரிவாகச் சொல்லுங்கள். காலையில் கிணற்றுக் கதையை வாசித்தேன், வாப்பா கண்ணை அகல விரித்தார். ரிக்‌ஷாக்காரர் கதையைக் கேட்டபோது கை விரலைச் சுழற்றினார், இன்னொரு தடவை வாசி என்று அர்த்தம்.

பெரியபட்டினத்து ராத்தா | செவ்வாய், இரவு 8.30

நான் சொல்கிறேன் தங்கச்சி. எனக்கு அந்தப் பெண்மணியைத்தான் அதிகம் பிடிக்கும்.

குவா கியோக் சூ 1920 டிசம்பரில் பிறந்தவர். லீயை விட இரண்டே முக்கால் வயது மூத்தவர். ஆண்கள் பள்ளியான ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனில் உயர்வகுப்பில் அப்போது அவர் ஒருத்திதான் பெண். பரிசளிப்பு விழாவில் லீக்குப் புத்தகப் பரிசை எடுத்துக் கொடுத்தவரே அவர். ராஃபிள்ஸ் கல்லூரிக்குப் போனதும் முதல் பருவத் தேர்வில் ஆங்கிலத்திலும் பொருளாதாரத்திலும் லீயை முந்தி முதலில் வந்தார். மலாயா முழுவதற்கும் பள்ளித் தேர்வில் முதலாவதாக வந்த பையனுக்கு அது பெரிய அடி, உதவித்தொகை போய்விடுமோ என்ற பயம் வேறு. கல்லூரியும் நின்று போர் வந்து, பிறகு பசை வியாபாரத்தில் சந்தித்தபோது போட்டி நட்பாகிவிட்டிருந்தது. தன்னை விட வயதில் குறைந்தவன் என்பது தடையா என்று இவர் கேட்டார். இல்லை, காத்திருப்பேன் என்று அவர் சொன்னார்.

1946 செப்டம்பரில் லீ இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அடுத்த வருடம் குவாவுக்கு அரசியார் உதவித்தொகை கிடைத்தது. அவருக்கு கேம்பிரிட்ஜில் கிர்ட்டன் கல்லூரியில் இடம் வாங்க லீயே நேரில் போய்ப் பேசினார். 1947 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில் இரண்டு பேரும் யாருக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மோதிரத்தை விரலில் போட முடியாதே! குவா அதைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில், சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பெற்றோருக்கும் கல்லூரிக்கும் தெரியாது. சட்டம் படித்து முடித்து இரண்டு பேரும் முதல் வகுப்பில் தேறி ஊர் திரும்பி, 1950 செப்டம்பர் 30 அன்று ஊரறிய மறுபடியும் கல்யாணம். முதல் கல்யாணத்தை லீ வெளியே சொன்னது 1998-ல் வந்த நினைவுக் குறிப்பில்தான். ஐம்பது வருட ரகசியம்.

புருஷன் 28 வயதில் தொழிற்சங்கங்களுக்கு வாதாடிக்கொண்டு அலைந்தபோதும், பிரதமரான பிறகும், குடும்பச் செலவைப் பற்றி அவர் கவலைப்படாமல் இருந்ததற்கு இந்த அம்மாவின் வழக்கறிஞர் தொழில் காரணம். வெளியே பேசமாட்டார், பேட்டி கொடுக்கமாட்டார். லீ தன் உரைகளையும் நினைவுக் குறிப்புகளையும் அவரிடம் காட்டித் திருத்தி வாங்கினார். நீண்ட வாக்கியங்களை அவர் உடைத்து எளிதாக்குவாராம்.

உப்புக்காற்று, தேவிபட்டினம் | செவ்வாய், இரவு 11.05

ராத்தா சொன்னதோடு நான் தண்ணீரைச் சேர்க்கிறேன். இந்தக் கதை நம் மாவட்டத்துக்காரனுக்குப் புரிகிற மாதிரி வேறு யாருக்கும் புரியாது.

1965-ல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி மலேசிய மாநிலமான ஜொகூரிலிருந்து குழாயில் வந்தது. 1961, 1962 ஒப்பந்தங்கள் இருந்தன. 1962 ஒப்பந்தப்படி 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி காலன், ஆயிரம் காலனுக்கு 3 சென் விலை. ஆனால் அவை ஜொகூர் மாநில அரசோடு போட்டவை. நாடு இரண்டானால், நாளைக்கு வேறு ஒருவர் வந்து குழாயை மூடினால்? பிரிவினை ஒப்பந்தம் ரகசியமாக, அவசர அவசரமாகத் தயாரானது. அதில் இந்தத் தண்ணீர் உடன்படிக்கைகளை மலேசிய அரசே உத்தரவாதம் செய்ய வேண்டும் என்ற பகுதியை எழுதித் தரும்படி லீ கேட்டது தன் மனைவியை. அவர் சொத்துரிமைச் சட்டத்தில் கெட்டிக்காரர். ஒப்பந்தம் 1965 ஆகஸ்ட் 7 அன்று கையெழுத்தானது, பின்பு ஐ.நா. சபையில் பதிவானது. பதவி இல்லாத ஒரு பெண் எழுதிக் கொடுத்த வரிகள் ஒரு நாட்டுக்கே குடிநீர்ப் பட்டாவாக நிற்கின்றன.

லீக்குத் தண்ணீர் மேல் அந்தப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. 1942-ல் நகரம் சரணடையப் பெரிய காரணம், நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் கையில் போனது. 1963-ல் மழை பொய்த்து மாதக்கணக்கில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள்.

என் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில், கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து மோந்து குடம் நிரப்புவார். ஒரு குடத்துக்கு அரை மணி நேரம் ஆகும். மேலே மோந்தால் நல்ல தண்ணீர், கொஞ்சம் ஆழமாகக் கையை விட்டால் உப்பு. அரசு ஊழியரைத் தண்டிக்க 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றுவது என்றால் அது நம் ராமநாதபுரம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு பெண்கள் போவது நின்றுவிட்டதா? அதனால் அந்த அம்மாள் எந்த மேஜையில் உட்கார்ந்து அதை எழுதினாரோ என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

அழுதது பற்றி: 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிவினையை அறிவித்தபோது தொலைக்காட்சிக் கேமரா முன்னால் உடைந்து அழுதார், பேட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. அது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு தூக்கம் போய், மருந்தில் ஓட்டி, சாங்கியில் கடலோரமாக ஓர் அரசு விடுதியில் வாரக்கணக்கில் தங்கித்தான் தேறினார் என்பது பலருக்குத் தெரியாது.

தொண்டிக்கரை | புதன், காலை 7.50

எல்லாம் படித்தேன். நானும் அந்த மனிதரை மதிக்கிறவன்தான். ஆனால் உறுதியான விஷயம் என்று கேட்டிருக்கும் இழையில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது நியாயமில்லை.

மக்கள் செயல் கட்சி 1954-ல் தொடங்கியபோது லீயோடு இருந்தவர் லிம் சின் சியோங். 22 வயதில் 1955 தேர்தலில் லீயோடு சேர்ந்து வென்றவர், சீனத் தொழிலாளர்கள் அவர் பேச்சுக்காக இரவெல்லாம் நின்றார்கள். கட்சி உடைந்து, 1963 பிப்ரவரியில் ஒரே இரவில் நூறு பேருக்கு மேல் விசாரணையின்றிப் பிடிக்கப்பட்டபோது லிம்மும் உள்ளே போனார். ஆறு வருடம். சிறையில் மனம் உடைந்து தற்கொலைக்கு முயன்றார், பின்பு லண்டனுக்குப் போனார். சியா தை போ என்று ஒருவர். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து 1966-ல் பிடிபட்டார். வழக்கே இல்லாமல் 23 வருடம் சிறை, அதன் பின் செந்தோசாத் தீவில் ஒரு வீட்டில் அடைப்பு, கடைசித் தடை 1998-ல்தான் விலகியது. இவர்கள் வீட்டிலும் மனைவி, தாய், தகப்பன் இருந்தார்கள்.

மனைவியிடம் காட்டிய பரிவைச் சொல்லும்போது இதையும் வாப்பாவுக்கு வாசியுங்கள் சகோதரி. அவர் 33 வருடம் அங்கே இருந்தவர், தெரியாமல் இருக்காது.

பனைக்குளத்தான் | புதன், காலை 9.30

தொண்டிக்கரை சொல்வது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் காலத்தின் பயத்தையும் பார்க்க வேண்டும். 1964-ல் இனக்கலவரம், ஊரடங்கு. நம் பெரியவர்கள் கடைக்குள் அரிசி மூட்டை மேல் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். கலவரம் இல்லாத தெருவை அவர் கொடுத்தார் என்றுதான் என் வாப்பா கையெடுப்பார். சீனன், மலாய்க்காரன், தமிழன் மூவரும் ஒரே அடுக்குமாடியில் கதவோடு கதவாக இருந்தார்கள்.

தொண்டிக்கரை | புதன், காலை 10.05

பயத்துக்கு இரண்டு மூன்று வருடம் சரி காக்கா. 23 வருடத்துக்குப் பயம் காரணமாகாது. இதில் நான் பின்வாங்க மாட்டேன். லிம் 1996-ல் இறந்தபோது லீ அவர் மனைவிக்கு இரங்கல் கடிதம் எழுதினார். லிம்மைப் போன்றவர்களின் அர்ப்பணிப்பைப் பார்த்துத்தான் தாங்களும் நேர்மையாகவும் எளிமையாகவும் வாழ வேண்டியதாயிற்று என்ற பொருளில் அதில் சொல்லியிருக்கிறார். எதிரியிடமிருந்து கற்றதை ஒப்புக்கொண்டார் என்று நான் அதை மதிக்கிறேன். போன வருடங்களை அது திருப்பித் தராது.

நம்புதாளை பேரன் | புதன், மாலை 5.20

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971-ல் ஆங்கிலேயப் படை கிளம்பியபோது கணக்கு முடித்து வந்தவர்களில் ஒருவர். அவர் அடிக்கடி சொன்னது 1952 தபால்காரர் வேலைநிறுத்தம். ஐயாவின் கூட்டாளி ஒருவர் தபால்காரர். மே மாதம் இரண்டு வாரம் சிங்கப்பூரில் தபால் ஓடவில்லை. அந்தச் சங்கத்தில் மலாய்க்காரரும் இந்தியரும் அதிகம். சங்கத்தின் சட்ட ஆலோசகர் யார் என்றால், இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகாத லீ. பத்திரிகையில் அவர்களுக்காக எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜரத்தினம், பின்னாளில் முதல் வெளியுறவு அமைச்சர். லீயின் பெயர் தெருவுக்குத் தெரிந்ததே அந்த வேலைநிறுத்தத்தில்தான். வென்று கொடுத்தார்.

அந்த இரண்டு வாரமும் நம்புதாளைக்குக் கடிதம் வரவில்லை, பணமும் வரவில்லை. எங்கள் அப்பத்தா ஐயாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ராமேஸ்வரத்துக்கு நேர்ந்துகொண்டாராம். பிறகு மூன்று கடிதம் ஒன்றாக வந்து சேர்ந்தது.

ஐயாவுக்கு அவர் மேல் கோபம் இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. திரும்பிப் போக பெர்மிட் கிடைக்கவில்லை. ஆனால் வேலைநிறுத்தத்தைச் சொல்லும்போது குரல் மாறிவிடும்.

உப்புக்காற்று, தேவிபட்டினம் | புதன், இரவு 9.00

வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆக்ஸ்லி சாலை 38-ஆம் எண், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழைய பங்களா. 1945-லிருந்து சாகும்வரை அங்கேதான். கட்சி தொடங்கும் பேச்சு அந்த வீட்டின் கீழ்த்தளச் சாப்பாட்டு அறையில் நடந்தது. தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் பழசு. குளியலறையில் ஒரு பெரிய மண்ஜாடி. அதிலிருந்து மோந்து ஊற்றித்தான் இரண்டு பேரும் குளித்தார்கள். 2003-ல் மனைவிக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் அதை மாற்றினார்கள். உலகத்தில் விலை உயர்ந்த நகரங்களில் ஒன்றை உண்டாக்கியவர் எண்பது வயது வரை நம்மைப் போல மோந்து குளித்திருக்கிறார். தான் போன பிறகு வீட்டை இடித்துவிடுங்கள் என்று உயிலில் எழுதினார். அதன்மேல் பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் வந்து 2017-ல் நாடாளுமன்றம்வரை போனது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

சிகரெட்டை 1957-ல் விட்டார். தேர்தல் நேரத்தில் தொண்டை கட்டி வாக்காளருக்கு நன்றி சொல்லக்கூடக் குரல் வரவில்லை, அதோடு நிறுத்தினார்.

பெரியபட்டினத்து ராத்தா | புதன், இரவு 9.45

தங்கச்சி, நீங்கள் வாப்பாவின் உடம்பைச் சொன்னதிலிருந்து ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

2003-ல் லண்டனில் வந்த முதல் பக்கவாதத்திலிருந்து குவா தேறினார். 2008 மே மாதம் இரண்டாவது வந்தபோது பேச்சும் அசைவும் போயிற்று. இரண்டு வருடத்துக்கு மேல் படுக்கை. லீக்கு அப்போது 84 வயது தாண்டி. ஒவ்வொரு நாள் இரவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று நடந்ததைச் சொல்வார், அவருக்குப் பிடித்த கவிதைகளை வாசிப்பார். அவருக்குத் தன் குரல் புரிகிறது, தனக்காக விழித்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த அறையில் படுத்துக்கொண்டு மனைவி முனகுவதைக் கேட்பது மிகக் கொடுமை என்றும் சொன்னார். மதநம்பிக்கை இல்லாதவர். ஆனாலும் மனம் அடங்க ஒரு கிறிஸ்தவத் துறவியிடம் தியானம் கற்று, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இருபது நிமிடம் உட்காருவார்.

2010 அக்டோபர் 2 அன்று அந்த அம்மா மறைந்தார். இறுதிச் சடங்கில் ஒரு சிவப்பு ரோஜாவை வைத்து, தன் விரல்களை முத்தமிட்டு அவர் நெற்றியைத் தொட்டார். இரண்டு தடவை. 63 வருடக் கல்யாண வாழ்க்கை, அந்த ரகசியக் கல்யாணத்திலிருந்து எண்ணினால். தன் சாம்பலில் ஒரு பகுதியை அவருடையதோடு கலந்துவிடச் சொல்லிப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தார். 2015 மார்ச் 23 அன்று அவரும் போனார். நாடாளுமன்றத்தில் வைத்த உடலைப் பார்க்க நான்கரை லட்சம் பேர் வரிசையில் நின்றார்கள், சிலர் பத்து மணி நேரம். என் மச்சானும் நின்றார். 29-ஆம் தேதி கொட்டும் மழையில் கொண்டுபோனார்கள். அன்று இந்தியாவிலும் தேசிய துக்கம், கொடி அரைக் கம்பத்தில்.

சேதுக்கரை வாத்தியார் | வியாழன், காலை 6.00

நேற்று முழுவதையும் வாசித்தேன். ஒரு தகவல் சேர்க்கிறேன். 2023-ல் தமிழக முதல்வர் சிங்கப்பூர் போயிருந்தபோது மன்னார்குடியில் லீக்கு நினைவுச் சின்னமும் நூலகமும் அமைக்கப்படும் என்று அறிவித்தார். அந்தப் பக்கத்தார் நிறையப் பேர் போனவர்கள், நியாயம்தான். நம் கரையிலும் ஒரு நூலகம் வைத்து, இந்த இழையில் வந்ததைப் போலத் தபால்காரர் கதை, பெர்மிட் கதை எல்லாவற்றையும் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கி வைக்க வேண்டும். நம்புதாளைத் தம்பி, ஐயாவின் கடிதங்கள் இருந்தால் எறிந்துவிடாதே.

நம்புதாளை பேரன் | வியாழன், காலை 7.15

இருக்கின்றன ஐயா. அப்பத்தா மஞ்சள் பையில் கட்டி வைத்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் படம் பிடித்துப் போடுகிறேன்.

கீழக்கரை மகள் | வியாழன், இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி சொல்லி மாளாது. தொண்டிக்கரை அண்ணன் எழுதியதையும் விடாமல் வாசித்தேன். சியா தை போ பெயர் வந்ததும் வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினேன். விரல் அசைந்தது, வாசி. நீங்கள் சொன்னது சரி, அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தண்ணீர்க் கதையை உம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தம்மா எழுதினதா, அந்தம்மா எழுதினதா என்று இரண்டு தடவை கேட்டார்.

ராத்தா எழுதிய கடைசிப் பகுதியை என்னால் வாசிக்க முடியவில்லை, தொண்டை அடைத்தது. உம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாப்பா அனுப்பிய கடிதங்களைப் பக்கத்து வீட்டு மாமி வாசித்துத்தான் கேட்பார், பதிலும் அவர் கையால்தான் போகும். புருஷனுக்குச் சொல்ல நினைத்ததில் பாதியை மாமி முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டதாக இன்றைக்குத்தான் சொன்னார். நான் போனைக் கீழே வைத்தேன். உம்மா வாப்பாவின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலையில் மீன்கடையில் என்ன நடந்தது, சீலா என்ன விலை, முருங்கைமரம் காற்றில் முறிந்தது, யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள் என்று ஒன்றொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாப்பா விழித்திருக்கிறார்.